சுவர் வரும் முன்னே ஒரு தட்டு

எனக்குக் கால் எட்டாத தண்ணீரைக் கண்டால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் நாத்தனார் செலஸ்டினுக்குக் கண் தெரியாது. பதினோரு வருஷம் நீச்சல் போட்டிகளில் நீந்தியவள். அந்தப் பதினோரு வருஷமும் குளத்தின் ஓரத்தில் கோலோடு நின்றவள் நான். தண்ணீருக்குள் அவள் படாத பயத்தையெல்லாம் வெளியே நின்று நான் பட்டேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவை. செலஸ்டினுக்கு ஆறு வயதில் தட்டம்மை வந்தது. அம்மை இறங்கியபோது பார்வையையும் கொண்டுபோய்விட்டது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாளா என்றால், அதுதான் இல்லை. விழுவாள், எழுவாள், மறுபடி ஓடுவாள். முழங்காலில் தோல் இருந்து நான் பார்த்ததில்லை.

லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அது ஆறு. என் தங்கை ஒருத்தி அதில்தான் போனாள், நான்கு வயதில். அதிலிருந்து நான் கணுக்காலுக்கு மேல் அந்த ஓடையில் இறங்கியதில்லை. செலஸ்டினின் அண்ணன் ஜூலியஸ் துணி காயப்போடும் கயிற்றை இந்தக் கரை மரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்குக் கட்டி, அவளை அதைப் பிடித்துக்கொண்டு குளிக்க விடுவார். அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள், நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. பிள்ளையைக் காணோம்.

நான் போட்ட கூச்சலில் லயமே திரண்டது. அதற்குள் அந்தப் பக்கத்து நாணலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்.

"அண்ணே, எண்ணிக்கிட்டே வந்தேன். பதினாறு கை போட்டா அந்தக் கரை வந்துருது!"

ஜூலியஸ் அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். விட்டவர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதார். அவருக்கு அப்போது பதினாறு வயது. அந்த ஆளைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

செலஸ்டினைப் பினாங்கில் கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே எழுத்து படித்தாள், டெலிபோன் வேலை படித்தாள், ஒழுங்காக நீந்தவும் படித்தாள். எழுபத்தாறில் அலோர் ஸ்டாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஜூலியஸ் அதே ஊரில் தபால்காரர். நாங்கள் அங்கே மெர்கோங் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். அவளும் எங்களோடு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே, "அண்ணி, இங்க குளம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அரசாங்க அதிகாரிகளின் கிளப் ஒன்றில் இருபத்தைந்து மீட்டர் குளம் இருந்தது. அவளுடைய மேலதிகாரி சொல்லி, செவ்வாயும் சனியும் மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை கொடுத்தார்கள். கண் தெரியாதவர்கள் நீந்தும்போது சுவர் வருவது அவர்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் கோலோடு ஆள் நிற்க வேண்டும். சுவருக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போது தலையிலோ தோளிலோ ஒரு தட்டு. முந்தித் தட்டினால் வேகம் போய்விடும். பிந்தித் தட்டினால் மண்டை போய்விடும். செலஸ்டின் தன் பங்குக்குக் கை எண்ணுவாள். இருபத்திரண்டு கை போட்டால் சுவர். ஆனால் எண்ணிக்கை ஒன்றிரண்டு முன்னே பின்னே போகும். கோல்தான் முடிவான பேச்சு.

ஒரு முனையில் ஜூலியஸ், கழுத்தில் ஒரு விசிலோடு. எதிலாவது கோளாறு என்றால் ஊத வேண்டியது அவர் பொறுப்பு. விசில் கேட்டால் அவள் கையை நீட்டி நின்றுவிடுவாள். மறுமுனைக்கு ஆள் வேண்டும்.

"நீங்க நில்லுங்க அண்ணி."

"நானா? தண்ணியப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருது. ஆள விடுடி."

"நீந்தப் போறது நான். நீங்க தட்டுனா போதும் லா. நீங்க ரப்பர் மரம் சீவுன கை. பட்டையில கத்தி எவ்வளவு போகணும், எங்க நிறுத்தணும்னு அந்தக் கைக்குத் தெரியும். வேற யாரு கையையும் நான் நம்ப மாட்டேன்."

இப்படிச் சொன்னால் எவள்தான் மாட்டேன் என்பாள்? பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போய், மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து வந்து, பந்தாக உருட்டி, மூங்கில் முனையில் இறுக்கிக் கட்டினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் தலையில் பட்டால் வலிக்காது. கிளப்பில் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக் டின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "புசுக் லா, காக்!", நாறுது அக்கா, என்று சிரிப்பார். நாறினால் நாறட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் காதில் தட்டிவிட்டேன். இரண்டாம் நாள் தண்ணீரைத் தட்டினேன். அப்புறம் கை பழகியது. மனசு மட்டும் கடைசிவரை பழகவில்லை. அவள் முழு வேகத்தில் என் காலடிச் சுவரை நோக்கி வருவாள். ஒவ்வொரு தடவையும் தட்டியதும் உயிர் போய் உயிர் வரும். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை செத்துப் பிழைக்கிற வேலை உலகத்தில் வேறெங்காவது உண்டா?

எழுபத்தெட்டில் மாநிலப் போட்டி. மறு வருஷம் ஈப்போவில் வெண்கலம். எண்பதில் கோலாலம்பூரில் ஐம்பது மீட்டரில் தங்கம். தமிழ்ப் பத்திரிகையில் கடுகளவு படம் போட்டார்கள். அதில் அவள் தலை பாதி, என் கோல் முழுசு. எங்கள் மாதா கோயிலில் சில பெண்டுகள், "பொம்பளப் புள்ள தொடை தெரிய நீந்துது, நீங்களும் கோல் புடிக்கிறீங்களே" என்றார்கள். "நீந்துறவளுக்குக் கண்ணு தெரியாது, பார்க்கிற உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுதே, திரும்பிக்கிறதுதானே" என்றேன். அதன் பிறகு என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

எண்பத்திரண்டு பிறந்தது. அந்தப் புத்தாண்டில்தான் நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். கிளப்பில் வெயிலைப் பார்த்து எங்கள் நேரத்தையும் தள்ளினார்கள். இனிமேல் ஐந்திலிருந்து ஆறு. பெரிய மாற்றமாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கிளப்புக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் கோயில். ஆறு மணிக்குத் திரிகால ஜெப மணி அடிக்கும். முன்பெல்லாம் அந்த மணி அடிக்கும்போது நாங்கள் குளத்தை விட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்போம். மூன்று பேரும் அங்கேயே நின்று ஜெபம் சொல்வோம். தோட்டத்தில் வளர்ந்த வேதக்காரப் பிள்ளைகளுக்கு இது ரத்தத்தில் ஊறியது. அங்கே மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் ரப்பர் பால் வாளி சுமந்து வருகிறவன்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்க வேண்டும். கண்ணை மூடி, தலை குனிந்து, மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம். நிற்காத பிள்ளைக்கு நடு மண்டையில் குட்டு விழும். என் அப்பாவின் குட்டு இன்னும் எனக்கு வலிக்கிறது.

புது நேரம் வந்த பிறகு ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கரையேறிவிடுவோம். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செலஸ்டின் கரையேறவில்லை.

"இன்னும் ஒரு தடவ அண்ணி. இன்னைக்குக் கை நல்லாப் போகுது."

"சரி, ஒண்ணே ஒண்ணு" என்றேன். ஜூலியஸ் முனையிலிருந்து கிளம்பினாள். நல்ல வேகம். பாதிக் குளம் தாண்டினாள். கோலை நீட்டினேன். மணி அடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருப்பேனா? கோல் கக்கத்துக்குள் போனது. கை நெற்றிக்குப் போனது. கண் மூடியது. முதல் மந்திரம் பாதி சொல்லியிருப்பேன். மட்டையால் தேங்காயை அடித்த மாதிரி ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தேன். தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. அவள் முகம் குப்புற மிதந்தாள். எனக்கு நீந்தத் தெரியாது. ஓரத்தில் மண்டியிட்டு, "செலி! செலி!" என்று கத்தினேன், வேறொன்றும் செய்யக் கையாலாகவில்லை. பாக் டின்தான், "யா அல்லா!" என்று சட்டையோடு குதித்துத் தூக்கினார். ஜூலியஸ் குளத்தைச் சுற்றி ஓடி வந்தார். விசில் அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

நெற்றியில் ஏழு தையல். வலது கையில் இரண்டு விரல் முறிவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ், "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். என் வாய் தானாகச் சொன்னது: "கால் வழுக்கிருச்சு. கோல் எட்டல."

ஏன் பொய் சொன்னேன்? பயம்தான். கொலை செய்துவிட்டு நிற்பவள் மாதிரி இருந்தது. ஜெபம் சொல்லப் போய் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? ஜூலியஸ் பக்கத்தில்தான் இருந்தார். அவர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கேட்காத வரைக்கும் தப்பித்தேன் என்று இருந்தேன். ஆனால் அவர் சுபாவமே மாறிவிட்டது. சோற்றில் உப்பு கூடினால் தட்டு பறந்தது. தையல் பிரித்த அன்று வீடு அதிரக் கத்தினார்.

"இன்னொரு தடவ இவ மேல ஒரு சிராய்ப்பு பட்டாலும் சரி, குளத்துப் பக்கமே போகக் கூடாது. நீச்சலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கேட்டுச்சா ரெண்டு பேருக்கும்?"

செலஸ்டின் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததில் எனக்கு விளங்கியது. அந்தத் தண்ணீரைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது டெலிபோன் பெட்டி மட்டும்தான். ஆக இனிமேல் ஒரே ஒரு பிசகு, அவள் நீச்சல் முடிந்தது. அந்தப் பிசகு என் கையில் இருந்தது.

ஜூன் மாதம் மறுபடி இறங்கினாள். பழைய செலஸ்டின் இல்லை. சுவருக்கு ஐந்தாறு கை இருக்கும்போதே அவள் கை தயங்கும். தலை தூக்கும். கோலுக்குக் காத்திருந்து, கையை முன்னால் துழாவிக்கொண்டே வருவாள். முன்பு ஐம்பது மீட்டரை முப்பத்தொன்பது நொடியில் முடித்தவள், இப்போது நாற்பத்தைந்து. அவள் பயப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் பயப்படலாம், அது என் பிறவிக் குணம். அவளுக்கு எதற்குப் பயம்? நான்தான் கொடுத்தேன்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடி முழுக்கக் கனம். கோல் பிடித்தால் உள்ளங்கை வியர்த்து வழுக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதைச் சொல்லாமல், கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எண்பத்து மூன்று ஏப்ரலில் கோலாலம்பூரில் தேசியப் போட்டி. அங்கே குளம் ஐம்பது மீட்டர். ஐம்பது மீட்டர் போட்டிக்குத் திரும்புவதே கிடையாது. ஒரே ஓட்டம், ஒரே சுவர். அந்தச் சுவர் என்னுடையது. கிளம்பும் முனையில் அவளை மேடையேற்றிவிட ஜூலியஸ்.

போட்டிக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அவளுக்குத் தொப்பி மாட்டிவிட்டேன். நெற்றித் தழும்பு என் விரலில் நெருடியது. அவ்வளவுதான், என்னால் முடியவில்லை.

"செலி, நான் இன்னைக்கு நிக்கல. பினாங்குக்காரங்க யாரையாச்சும் தட்டச் சொல்லு."

"என்ன அண்ணி, காய்ச்சலா?"

"அன்னைக்குக் கால் வழுக்கல. நான் பொய் சொன்னேன். மணி அடிச்சிச்சு. கோலக் கக்கத்துல வச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு ஜெபம் சொல்லிட்டு நின்னேன். நீ வந்து மோதுற வரைக்கும் நின்னேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே ஒலிபெருக்கியில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஜூலியஸ் கதவைத் தட்டினார். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போய், அண்ணன் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். வேறு ஆளைத் தேட நேரமில்லை. கோலை எடுத்துக்கொண்டு நான் அந்த நீளமான குளத்தின் மறுமுனைக்கு நடந்தேன்.

அங்கே நின்று பார்த்தபோது அவள் தலை ஒரு புள்ளி. சிலுவை போட்டுக்கொள்ளக் கை எழுந்தது. வேண்டாம் என்று இறக்கினேன். மாதாவே, மன்னித்துக்கொள், இன்றைக்கு உனக்குக் கை ஒழியாது என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டு கையாலும் கோலைப் பிடித்தேன்.

துப்பாக்கி வெடித்தது. ஆறு பேர் பாய்ந்தார்கள். பாதி தூரத்தில் செலஸ்டின் நாலாவது. நான் கண்ணிமைக்கவில்லை. கண் எரிந்து தண்ணீர் வடிந்தது, அப்படியும் இமைக்கவில்லை. முப்பது மீட்டர். முப்பத்தைந்து. இப்போது தயங்குவாள் என்று பார்த்தேன். கண்ணை மூடிய கோல்காரியை நம்பி எவள் வருவாள்? நாற்பது. தலை தூக்கவில்லை. கை துழாவவில்லை. பழைய செலஸ்டின், ஓடையில் கயிற்றை விட்ட செலஸ்டின், முழு வேகத்தில் என் சுவரை நோக்கி வருகிறாள். அடி பாவி, மெதுவாக வா என்று கத்தத் தோன்றியது. ஓர் ஆள் நீளம். தட்டினேன்.

பந்து அவள் உச்சியில் பட்டது. கடைசிக் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொன்பதரை நொடி, இரண்டாம் இடம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். என் கால் எங்கே என்று தடவிப் பிடித்தாள்.

"இன்னைக்கு எண்ணிக்கை சரியா வந்துச்சு அண்ணி. நாப்பத்தாறு. அன்னைக்குத்தான் வரல."

"என்னடி சொல்ற?"

"மூச்சுக்குத் தலையத் திருப்புனேன். மணி காதுல விழுந்துச்சு. எண்ணுறத விட்டுட்டு நானும் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். அப்புறம் பதினேழா பத்தொன்பதான்னு தெரியல. சரி, நீங்க தட்டுவீங்கல்லனு போயிட்டேன்."

"ஒரு வருஷமா ஏண்டி சொல்லல?"

"சொன்னா அண்ணன் விடுமா? தண்ணிக்குள்ள எண்ணத் தெரியாதவளுக்கு என்னா நீச்சல்னு அன்னைக்கே நிறுத்தியிருக்கும். அந்தப் பயத்துலதான் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை தப்பிருமோ, தப்பிருமோன்னு கை நின்னுச்சு."

நிமிர்ந்து பார்த்தால் ஜூலியஸ். துண்டோடு வந்து நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். போச்சு, இனிமேல் குளமே கிடையாது என்று நினைத்தேன். அவர் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். காய்ந்த துண்டு.

"விசில் ஏன் ஊதலன்னு நீ என்னைக் கேக்கவே இல்லியே, அகத்தா" என்றார்.

"நீங்க தூரத்துல நின்னீங்க…"

"தூரமாவது மண்ணாவது. தபால்காரத் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சிக்கிட்டு நானும் கண்ண மூடிட்டுத்தான் நின்னேன். நீ கேட்டுருவியோ கேட்டுருவியோன்னுதான் ஒரு வருஷமாக் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

அட கடவுளே! ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோறு தின்றுகொண்டு, மூன்று பேரும் ஒரே மணிக்குப் பயந்து ஒரு வருஷம் செத்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோலாலேயே அவர் மண்டையில் ஒன்று போட்டேன். செலஸ்டின் சத்தம் கேட்டுச் சிரித்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பக்கத்தில் நின்ற அதிகாரி, வெள்ளிப் பதக்கத்துக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்திருப்பார்.

எண்பத்தொன்பது வரை நீந்தினாள். சுவர் அவளை அதன் பிறகு தொடவில்லை. கிளப்பில் ஆறு மணி அடித்தால் செலஸ்டின் தண்ணீரிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஜூலியஸ் அந்த முனையில் தொப்பியைக் கழற்றுவார். மூன்று பேரும் ஜெபம் சொல்வோம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். இப்போதும் கோயிலில் எல்லோரும் கண்ணை மூடும்போது என்னால் மூட முடிவதில்லை.